கருப்பட்டி போட்டாலும் இனிப்பு இனிப்புதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரங்கூனிலிருந்து எழுதுகிறேன். 1989இல் யாங்கோன் என்று பெயரை மாற்றினார்கள், ஆனாலும் எங்கள் வீட்டுப் பேச்சில் இன்னும் ரங்கூன்தான். தங்கள் நாளிதழ் இங்கே கடையில் கிடைக்காது. 1964இல் கப்பலேறிப் போன என் சித்தப்பாவின் மகன் வியாசர்பாடியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் பலகாரம், கேக் என்று ஏதாவது வந்தால் போனில் படம் பிடித்து அனுப்பிவிடுவான். முப்பத்தோரு வருஷம் டீக்கடை பேக்கரியில் அடுப்பு பார்த்தவன் நான். இதைப் பார்த்தால் அண்ணன் சும்மா இருக்க மாட்டார் என்று அவனுக்குத் தெரியும்.

போன மாதம் அனுப்பியது, கோதுமை மாவும் கருப்பட்டியும் போட்ட பிரவுனி. மைதா கிடையாது, வெள்ளைச் சர்க்கரை கிடையாது. படித்ததும் சந்தோஷப்பட்டேன். மைதாவைத் தொட்டுத் தொட்டே கை வெளுத்தவன் நான். தவிட்டோடு இருக்கிற மாவில் நல்ல கேக் வரும் என்று யாராவது சொன்னால் எனக்குப் பிடிக்கும். ஆனால் குறிப்பின் அடியில், சர்க்கரை வியாதி உள்ளவர்களும் பயமில்லாமல் சாப்பிடலாம் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் எழுத ஆரம்பித்த பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை.

என் மனைவிக்குப் பதினோரு வருஷமாகச் சர்க்கரை. மாத்திரை தவறமாட்டாள், சோற்றையும் குறைத்துவிட்டாள். இனிப்பு மட்டும் அவளுடைய பலவீனம். அன்று அந்தக் குறிப்பை அவளும் படித்தாள், குறிப்பாகக் கடைசி வரியை. நான் செய்து வைத்தேன். சாயங்காலம் டீயோடு நாலு துண்டு சாப்பிட்டிருக்கிறாள். நான் பார்த்தது ஒன்றைத்தான், மீதி மூன்றும் பிறகு விசாரணையில் வெளிவந்தவை. இரண்டு மணி நேரம் கழித்துத் தலை பாரமாக இருக்கிறது என்றாள். விரலில் குத்திப் பார்த்தோம்: 291. வழக்கமாக அந்த நேரத்தில் 170ஐத் தாண்டாது. மெஷின் கெட்டுப்போச்சு என்றாள். வேறு விரலில் குத்தினோம், 286. "பேப்பர்ல போட்டிருக்கே!" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். பேப்பரில் அச்சாகி வந்தது அவளுக்கு வேத வாக்கு. அதனால்தான் இதைப் பேப்பருக்கே எழுதுகிறேன்.

கருப்பட்டியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாங்கள் இருப்பது பனை நாட்டில். மேல் பர்மாவில் பகான், மின்ஜான், போப்பா மலை என்று எங்கே போனாலும் பனங்காடுதான். நம் ஊரில் ஏறுகிறவர் காலில் தளை மாட்டி மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறுவார் என்று என் தாத்தா சொல்லுவார். இங்கே மரத்தோடு மூங்கில் ஏணியைச் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். ஏணி வேறு என்றாலும் மரம் அதே மரம். பானையில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள், அந்தக் கணக்கும் அதேதான். காய்ச்சிச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்துக் காயவைப்பார்கள். பர்மாக்காரர்கள் அதைத் தன்யெ என்பார்கள். சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டு முடித்தால் வெறும் டீயும் இரண்டு உருண்டை தன்யெயும் தட்டில் வந்து உட்காரும், பெரும்பாலும் காசு கேட்கமாட்டார்கள். உடன்குடிக் கருப்பட்டி போல அவ்வளவு கறுப்பாக, அவ்வளவு கெட்டியாக இருக்காது. கொஞ்சம் வெளுப்பு, வாயில் போட்டால் உதிரும்.

அந்த உருண்டையில் என்ன இருக்கிறது? பெரும்பங்கு சர்க்கரைதான். கரும்பில் உள்ள அதே சர்க்கரை. வெள்ளைச் சர்க்கரை 100 கிராமுக்கு ஏறக்குறைய 390 கலோரி என்றால், வெல்லமோ கருப்பட்டியோ 360இலிருந்து 380 வரை வரும். இரும்பும் பொட்டாசியமும் கொஞ்சம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு துண்டு பிரவுனிக்குள் போகிற அளவு கருப்பட்டியில் அது பேருக்குத்தான். தேனும் அப்படித்தான்: நூறில் பதினேழு பதினெட்டுப் பங்கு தண்ணீர், மீதி கிட்டத்தட்ட எல்லாமே சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. நாம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை ஒரு நாள் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஐந்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. ஐந்து என்றால் பெரியவர்களுக்குச் சுமாராக 25 கிராம், ஆறு டீஸ்பூன். தேனையும் அந்தக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். அது நோயில்லாதவர்களுக்கே. நாலு துண்டு சாப்பிட்ட என் வீட்டம்மாவுக்கு அன்றைய ஆறு ஸ்பூனும் போய், அடுத்த நாள் கணக்கிலும் கடன் ஏறிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேன் சேர்த்த பலகாரத்தைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம் என்று எழுதும்போது, ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடாது என்பதையும் கூடவே போடுங்கள். தேனில் ஒருவகைக் கிருமியின் வித்து இருக்கக்கூடும், சின்னக் குழந்தையின் குடலுக்கு அதைச் சமாளிக்கத் தெரியாது.

சரி, குறிப்பு எழுதிய அம்மையார் மேல் எனக்குக் கோபமில்லை. மாவு விஷயத்தில் அவர் சொன்னது நல்ல விஷயம். ஆனால் அவர் ஒரு கப் மைதாவுக்கு ஒரு கப் கோதுமை மாவு என்று மாற்றிப் போட்டிருக்கிறார். அப்படிச் செய்தால் முதல் தடவை எனக்கு வந்ததுதான் எல்லோருக்கும் வரும்: காய்ந்துபோன, கடித்தால் பல்லில் நறநறக்கிற ஒரு செங்கல். தவிடு தண்ணீரை இழுக்கும். உடனே இழுக்காது, மெதுவாக இழுக்கும். கலக்கும்போது மாவு தளர்வாகத்தான் தெரியும், அடுப்பில் போன பிறகு உள்ளே இருக்கிற ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். அதனால் மைதாவுக்குச் சொன்ன அளவில் எட்டில் ஒரு பங்கு குறைத்துக் கோதுமை மாவைப் போடுங்கள். கலந்த மாவை அரை மணி நேரம் மூடி வையுங்கள். பாக்கெட்டைப் பிரித்ததும் அடுப்பில் வைக்கிற அவசரம் மைதாவுக்குச் சரி, இதற்கு ஆகாது. அரை மணி கழித்துக் கரண்டியை விட்டுப் பார்த்தால் மாவு இறுகியிருக்கும், இரண்டு ஸ்பூன் பால் ஊற்றித் தளர்த்திக்கொள்ளலாம்.

சலிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டாம் தடவை நான் குளிக்கப் போன நேரத்தில் மனைவி உதவி செய்வதாக நினைத்து மாவைச் சலித்து வைத்தாள். திரும்பி வந்து பார்த்தால் சல்லடைக்குப் பக்கத்தில் பேப்பரில் ஒரு குவியல் தவிடு. செந்நிறம், தொட்டால் மரத்தூள் மாதிரி. "புறாவுக்குப் போடலாம்" என்றாள். எதற்காக மைதாவை விட்டுக் கோதுமை மாவுக்கு வந்தோமோ, அது அந்தப் பேப்பரில் கிடந்தது. மைதாவில் நார்ச்சத்து 100 கிராமுக்கு மூன்று கிராம்கூட இருக்காது, முழுக் கோதுமை மாவில் பத்துப் பன்னிரண்டு கிராம் இருக்கும். அதில் பெரும்பங்கு தவிட்டில்தான். நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சலித்துப் பழகியவர்கள். 'மாவைச் சலித்து' என்று குறிப்பில் எழுதினால் மீதியைக் கொட்டத்தான் செய்வார்கள். கட்டி உடைக்க வேண்டுமானால் பெருங்கண் சல்லடையில் சலித்து, மேலே நின்றதையும் திருப்பிப் போடச் சொல்லுங்கள். எனக்கு அந்தத் தவிடு திரும்பக் கிடைத்தது. புறாக்களுக்கு அன்று கிடைக்கவில்லை.

முழுக் கோதுமை மாவு சீக்கிரம் கெடும் என்பதும் மைதா பழக்கத்தில் வந்தவர்களுக்குத் தெரியாது. கோதுமை முளையில் எண்ணெய் இருக்கிறது, அது காறிப்போகும். ஜூன் மாதத்தில் ரங்கூன் மழையில் மூன்று வாரம் டப்பாவில் இருந்த மாவை நான் முகர்ந்தே தூக்கிப் போட்டிருக்கிறேன். கசப்பு வாடை வந்தால் எத்தனை கோகோ போட்டாலும் மறையாது. கொஞ்சமாக வாங்குங்கள்.

இனி கருப்பட்டி. ஒரு கப் கருப்பட்டித் தூள் என்று குறிப்பில் இருக்கிறது. தூளை அழுத்தி அளந்தால் ஒரு கணக்கு, உதிரியாக அளந்தால் வேறு கணக்கு, உடைத்த துண்டாக அளந்தால் மூன்றாவது கணக்கு. தயவுசெய்து கிராமில் போடுங்கள். நாங்கள் இங்கே சந்தையில் இன்னும் வீசைக் கணக்கில்தான் வாங்குகிறோம், ஒரு வீசை 1.63 கிலோ. இங்கிலீஷில் அதற்கு 'விஸ்' என்பார்கள், அந்த வார்த்தையை வெள்ளைக்காரனே நம்மிடமிருந்துதான் எடுத்தான். தமிழ்நாட்டில் வீசை மறைந்தே போயிற்று என்று சித்தப்பா மகன் சொல்கிறான், எங்களுக்கு அது அன்றாட வார்த்தை. போகட்டும். கால் வீசை கருப்பட்டி, அதாவது 400 கிராமுக்குக் கொஞ்சம் மேல், அனோரதா ரோட்டுப் பக்கம் தெயின்ஜி சந்தையில் வாங்கி வந்தேன். அந்த இடத்தைப் பெரியவர்கள் சூரத்தி பஜார் என்பார்கள்.

தூளாக அப்படியே போடாதீர்கள். கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டினால் அடியில் மணலும் ஈர்க்கும் நிற்கும், ஒரு தடவை எறும்பும் நின்றது. வடிகட்டியதை மறுபடி அடுப்பில் வைத்து, விரலில் தொட்டால் ஒட்டுகிற பதத்துக்கு வற்றவிட வேண்டும். கம்பிப் பதம் வந்தால் அதிகம், ஆறியதும் கல்லாகிவிடும். ஊற்றிய தண்ணீர் வற்றாமல் போனால் பிரவுனி பிரவுனியாக இருக்காது, கேக்காகிவிடும். பாகு கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறிய பிறகுதான் முட்டை. ஒரு முறை அவசரத்தில் சூட்டோடு ஊற்றி முட்டைப் பொரியல் செய்த அனுபவம் எனக்கு உண்டு. முப்பத்தோரு வருஷ பேக்கரிக்காரன் என்று வெளியில் சொல்லாதீர்கள்.

வெள்ளைச் சர்க்கரை போட்ட பிரவுனியில் மேலே காகிதம் மாதிரி ஒரு மெல்லிய தோல் வரும், பளபளக்கும், வெடித்திருக்கும். அது சர்க்கரையும் முட்டையும் சேர்ந்து செய்கிற வேலை. கருப்பட்டிப் பாகில் அது அவ்வளவாக வராது, தேனில் வரவே வராது. தங்கள் படத்தில் இருந்த பிரவுனிக்கு அந்தத் தோல் இருந்தது. கருப்பட்டியில் செய்ததை எடுத்த படமா என்று பேக்கரிக்காரன் கண்ணுக்கு ஒரு சந்தேகம். அவ்வளவுதான், குற்றம் சொல்லவில்லை.

இப்போது வீட்டில் நான் செய்வது இது. தவிட்டோடு கோதுமை மாவு 100 கிராம், கோகோ 50, கருப்பட்டி 130, விதை எடுத்த பேரீச்சம்பழம் 65, வெண்ணெய் 60, கடலை எண்ணெய் 50, முட்டை இரண்டு, உப்பு ஒரு சிட்டிகை. பேரீச்சம்பழம் கீழ்வீட்டு சூலியா பாய் (தமிழ் முஸ்லிமை இங்கே அப்படித்தான் சொல்வோம்) நோன்பு மாதத்தில் கொடுத்தனுப்பியது. வெந்நீரில் ஊறப்போட்டுத் தோலோடு அரைத்தேன். அதிலும் சர்க்கரை இருக்கிறது, நூறில் அறுபதுக்கு மேல். ஆனால் நாரும் ஏழெட்டு கிராம் கூடவே வருகிறது, ஈரத்தையும் பிடித்து வைக்கிறது, தவிட்டு மாவுக்கு அந்த ஈரம் அமிர்தம். கோகோவை மாவோடு கலக்காமல் சூடான வெண்ணெயிலும் எண்ணெயிலும் முதலில் குழைத்துவிட்டால் மணம் இரட்டிப்பாகும். அப்படி மணம் ஏறினால் இனிப்பு குறைந்தது நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது. கடலை எண்ணெய் செக்கெண்ணெயாக இருந்தால் பாதியாகக் குறையுங்கள், இல்லாவிட்டால் பிரவுனியில் வடை வாசம் அடிக்கும். மாவில் நாலில் ஒரு பங்கு சோள மாவு சேர்த்தும் பார்த்தேன். மணலாக உதிர்ந்தது, மனைவி ஸ்பூனால் சாப்பிட்டாள். அதோடு விட்டுவிட்டேன்.

ஓவன் என்று ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது, மேலே பூச்சாடி வைத்திருக்கிறோம். கரண்டு சில நாள் நாலு மணி நேரம் வரும், எந்த நாலு மணி என்று அதற்கே தெரியாது. பாதி வெந்த கேக்கை இருட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகு பழைய வழிக்குத் திரும்பினேன். இங்கே சன்வின் மக்கின் என்று ஒரு ரவைக் கேக் உண்டு. வறுத்த ரவை, தேங்காய்ப்பால், முட்டை, மேலே கசகசா. டீக்கடையில் சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருப்பார்கள். அதற்குக் கீழேயும் கரி, மூடி மேலேயும் கரி. என் அம்மா பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மாவிடம் கற்றுக்கொண்டு அப்படித்தான் செய்வார். அடிகனமான அலுமினியச் சட்டி, அதற்குள் டின், மேலே தட்டையான தகர மூடி. கீழே மூன்று கங்கு, மூடி மேல் ஓரமாக எட்டு ஒன்பது. கீழே அதிகமானால் கருப்பட்டி முதலில் கருகும், வெள்ளைச் சர்க்கரையைவிட அதற்கு ரோஷம் அதிகம். மாவு வைக்கும் முன் சட்டிக்குள் ஒரு சிட்டிகை மைதாவைத் தூவி மூடுவேன். கொஞ்ச நேரத்தில் பொன்னிறமானால் சரி, கறுத்தால் மேலிருந்து இரண்டு கங்கை எடுத்துவிடுவேன். பிறகு இருபத்தைந்து நிமிஷம். கத்தியை நடுவில் விட்டால் ஈரத் துகள் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். சுத்தமாக வந்தால் வெந்தது கூடிவிட்டது, அதை டீயில் முக்கித்தான் தின்ன வேண்டும்.

எட்டு அங்குல டின்னில் வருவதைத் தங்கள் குறிப்பில் ஒன்பது துண்டாக வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஐந்துக்கு ஐந்து, இருபத்தைந்தாக வெட்டுகிறேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஒன்றில் கருப்பட்டி ஐந்து கிராம், பேரீச்சம்பழத்தையும் சேர்த்தால் சர்க்கரை ஆறு ஏழு கிராம். மனைவிக்கு ஒன்று, வாரத்துக்கு இரண்டு நாள், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு. அன்றைக்குச் சோற்றில் ஒரு பிடி குறைவு. இதை அவளுடைய டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் செய்தோம். அவர் பிரவுனியைவிட அவள் குடிக்கிற டீயைப் பற்றித்தான் அதிகம் திட்டினார். பர்மா டீயில் டின் பால் தாராளமாக இறங்கும், டின் பாலில் பாதிக்கு மேல் சர்க்கரை. நானே முப்பத்தோரு வருஷம் அந்த டீ விற்ற கடையில்தான் வேலை பார்த்தேன். அவர் திட்டும்போது தலை குனிந்துகொண்டேன்.

போன வாரம் ஒரு துண்டு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்த்தோம், 178. மெஷின் இப்போது சரியாகிவிட்டது என்றாள்.

ஆகவே ஆசிரியர் ஐயா, அந்தப் பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். கருப்பட்டி, தேன், வெல்லம் எதைப் போட்டாலும் சர்க்கரை வியாதிக்காரர்கள் அளந்துதான் சாப்பிட வேண்டும் என்று இரண்டு வரி போதும். 'சர்க்கரை இல்லாத' என்ற தலைப்புக்குப் பதில் 'மைதா இல்லாத' என்று போட்டால் குறிப்புக்கு ஒரு குறையும் வராது. திருத்தம் வரும் அன்று சித்தப்பா மகன் படம் எடுத்து அனுப்புவான். அதை நான் வாயால் சொன்னால் எடுபடாது, அச்சில் காட்டினால்தான் எங்கள் வீட்டில் செல்லும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேக்கரித் தொழிலாளி,
26ஆம் தெரு, ரங்கூன்.

பி.கு.: மாவை டின்னில் ஊற்றியதும் மேலே ஒரு ஸ்பூன் கசகசா தூவிப் பாருங்கள், சன்வின் மக்கின் மாதிரி. கசகசா இல்லாவிட்டால் வெள்ளை எள். வால்நட் விற்கிற விலைக்கு இதுவே மேல்.